பியேலகோ: ஸ்பானிஷில் கடலுக்கு இப்படியும் ஒரு சொல்லா?

நீலாங்கரை நிலா:

வணக்கம். ஸ்பானிஷ் படிக்க ஆரம்பித்து ஒன்றரை வருடம் ஆகிறது, இன்னும் வினைச்சொற்களோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். போன வாரம் வகுப்பில் பழைய கவிதை ஒன்றைக் கொடுத்து, தமிழில் செய்துகொண்டு வா என்றார்கள். பதினான்கே வரி. புயலில் மாட்டிய கப்பல், கரை காணாத மாலுமி, அந்த வகை. மூன்றாவது வரியில் 'பியேலகோ' என்று ஒரு சொல் வந்து நின்றது. அதுவரை நான் அதைக் கேட்டதே இல்லை. முதல் பாடத்திலிருந்தே கடலுக்கு 'மார்' என்றுதான் சொல்லிக்கொடுத்தார்கள், பெருங்கடலுக்கு 'ஒசேயனோ'. இது என்ன மூன்றாவதாக?

அகராதியைப் புரட்டினால் குழப்பம் கூடிவிட்டது. முதல் பொருள், நிலத்திலிருந்து வெகு தூரத்தில் இருக்கும் கடல் பகுதி. அடுத்தது, கவிதை வழக்கில் கடல். அப்புறம், எண்ணி மாளாத அளவுக்குக் குவிந்து கிடப்பது. கடைசியில், வழக்கொழிந்தது என்ற குறிப்போடு, குளம் குட்டை! நடுக்கடலும் குட்டையும் ஒரே சொல்லுக்குள் எப்படிக் குடித்தனம் செய்கின்றன?

ஆசிரியையிடம் கேட்டேன். "அது கவிதைச் சொல், யாரும் பேச மாட்டார்கள், கடல் என்று போட்டுவிட்டு மேலே போ" என்றார். போட்டுவிடலாம்தான். ஆனால் அதே கவிதையின் எட்டாவது வரியில் 'மார்' தனியாக வருகிறது. இரண்டு இடத்திலும் கடல் என்றே எழுதினால், எழுதியவர் வேண்டுமென்றே வைத்த வித்தியாசத்தை நான் சமப்படுத்தித் தள்ளிவிட்ட மாதிரி ஆகிவிடும், மனசு கேட்கவில்லை.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது, ஸ்பெயினில் உண்மையிலேயே யாராவது இதைப் பேசுகிறார்களா, தமிழில் எதைப் போடலாம். தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இப்போதைக்கு 'ஆழி' என்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.


வேர்ச்சொல் கிறுக்கன்:

நல்ல சொல்லாகப் பார்த்து மாட்டியிருக்கிறீர்கள். இது கிரேக்கத்திலிருந்து லத்தீன் வழியாக ஸ்பானிஷுக்கு வந்தது. கிரேக்கத்தில் 'பெலகோஸ்', லத்தீனில் 'பெலகுஸ்', ஸ்பானிஷில் 'பியேலகோ'. ஆனால் கதை கிரேக்கத்திலேயே தொடங்கிவிடுகிறது, ஏனென்றால் அவர்களிடம் கடலுக்கு ஒரு சொல் இல்லை, ஒரு குடும்பமே இருந்தது. 'தலாசா' பொதுச் சொல், அதற்கு வேர் என்னவென்று சொல்ல முடியாது, கிரேக்கர்கள் அங்கே வருவதற்கு முன்பே இருந்தவர்களின் மொழியிலிருந்து வந்திருக்கலாம் என்பார்கள். 'ஹால்ஸ்' என்றால் உப்பு, அதுவே கடலுக்கும் ஆகிவந்தது. 'போன்தோஸ்' என்பதும் கடல்தான், ஆனால் அதன் வேர் பாதை என்ற கருத்தில் இருக்கிறது, லத்தீனில் பாலத்துக்குச் சொல்லும் 'போன்ஸ்', சமஸ்கிருதத்தில் வழிக்குச் சொல்லும் 'பந்தா', எல்லாம் ஒரே வம்சம். அதாவது கடல் தடுப்பது இல்லை, கடந்துபோகும் வழி.

நம்ம 'பெலகோஸ்' இவற்றில் எங்கே நிற்கிறது என்றால், விரிவு. தட்டையாகப் பரந்து கிடப்பது என்ற பொருள் கொண்ட ஒரு பழைய வேரோடு இதைச் சேர்க்கிறார்கள், எல்லாரும் ஒத்துக்கொள்வதில்லை என்றாலும். ஆனால் வேர் ஆராய்ச்சிக்கே போகாமல், சொல் புழங்கிய விதத்தைப் பார்த்தாலே பொருள் தெரிந்துவிடும். ஒடிசியஸ் கதையில் ஹோமர் 'உப்பின் பெலகோஸ்களில்' என்று ஓரிடத்தில் சொல்கிறார். பெலகோஸ் என்றாலே கடல் என்றால் கடலின் கடல்களில் என்று ஆகிவிடும், அர்த்தமில்லை. உப்புநீரின் விரிவுகளில் என்று படித்தால் கச்சிதமாக உட்காருகிறது.

நீங்கள் கேட்ட 'எண்ணி மாளாதது' என்ற பொருளும் ஸ்பானிஷ்காரர்கள் கண்டுபிடித்தது இல்லை. கி.மு. 472இல் ஏதென்ஸில் அரங்கேறிய ஐஸ்கிலஸின் பாரசீகர் நாடகத்திலேயே, சலாமிஸ் கடற்போரில் தோற்ற செய்தியைக் கேட்ட அரசி, தீமைகளின் பெரும் பெலகோஸ் உடைந்து நம்மேல் பாய்ந்துவிட்டது என்கிற மாதிரி அழுகிறாள். இதை நாம் வியக்கவே வேண்டாம், பிறவிப் பெருங்கடல் என்று சொல்லிப் பழகியவர்கள்தானே நாம்.

லத்தீனில் இந்தச் சொல்லுக்கு ஒரு வேடிக்கை உண்டு. 'உஸ்' என்று முடியும் இந்த வகைப் பெயர்கள் பெரும்பாலும் ஆண்பால். அதில் மூன்றே மூன்று அடம்பிடித்து அஃறிணை மாதிரியான மூன்றாவது பாலில் நிற்கின்றன: 'வீருஸ்' (நஞ்சு, இன்றைய வைரஸ்), 'வுல்குஸ்' (ஜனக்கூட்டம்), மூன்றாவது நம்ம 'பெலகுஸ்'. இலக்கண வாத்தியார்கள் பிள்ளைகளைப் பிடிக்க வைத்திருக்கும் பொறி இது. கிரேக்கத்தில் அந்தப் பாலில் இருந்ததை அப்படியே கொண்டுவந்துவிட்டார்கள். ஸ்பானிஷில் அந்தப் பாலே இல்லை, 'ஓ'வில் முடிகிறது என்று ஆண்பாலில் சேர்த்துவிட்டார்கள்.

மற்றபடி இது மக்கள் வாயில் உருண்டு வந்த சொல் இல்லை என்று நினைக்கிறேன். அப்படி வந்திருந்தால் நடு உயிர் விழுந்திருக்கும், 'தாபுலா' என்பது 'தாப்லா' ஆன மாதிரி. படித்தவர்கள் பின்னாளில் லத்தீன் ஏட்டிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டதாக இருக்கும். உங்கள் ஆசிரியை சொன்னது அந்த வகையில் சரி.


வடகரை வாசி:

நான் ஸ்பெயினின் வடக்குக் கரையில், சாந்தாந்தேர் நகரத்தில் ஆறு வருடமாக இருக்கிறேன். யாராவது பேசுகிறார்களா என்ற கேள்விக்கு மட்டும் பதில் சொல்ல முடியும், மொழியியல் எல்லாம் எனக்குத் தெரியாது.

எங்கள் கட்டடத்தில் கீழ்த்தளத்தில் ஒரு பெரியவர் இருக்கிறார், நெத்திலிப் பருவத்தில் படகேறியே நாற்பது வருடம் ஓட்டியவர். இங்கே நெத்திலியைப் பச்சையாக இருக்கும்போது 'போகார்தே' என்பார்கள், உப்பில் போட்டுப் பதப்படுத்தி எண்ணெயில் அடைத்தால்தான் 'அன்ச்சோவா'. இந்த இழையைப் பார்த்ததும், மாடிப்படியில் அவரைப் பிடித்து "தாத்தா, பியேலகோ என்றால் என்ன?" என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. "ரெனேதோ பக்கம், ரயிலில் போனால் சீக்கிரம் வந்துவிடும்" என்றார். எனக்கு ஒரு நிமிடம் ஒன்றும் புரியவில்லை. அப்புறம்தான் உறைத்தது, பக்கத்திலேயே 'பியேலகோஸ்' என்று ஓர் ஊராட்சி இருக்கிறது, அதன் தலையூர் ரெனேதோ. வாழ்நாள் முழுக்கக் கடலில் இருந்தவருக்கு அந்தச் சொல்லைக் கேட்டதும் கடல் ஞாபகம் வரவில்லை, ரயில் நிலையம் ஞாபகம் வருகிறது!

அவரிடம் இருக்கும் கடல் 'லா மார்'. பெண்பால். இது உங்களுக்குக் கவிதைக்கும் உதவும் என்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். வகுப்பில் 'எல் மார்' என்று ஆண்பாலாகத்தான் சொல்லிக்கொடுப்பார்கள், ஊர்க்காரர்கள் கடற்கரைக்குப் போகும்போதும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் கடலில் பிழைப்பவர்கள் 'லா மார்' என்பார்கள். படகு புறப்பட்டால் 'லா மார்' பக்கம் போகிறது. நடுக்கடலுக்கு 'ஆல்தா மார்'. ஏற்றம் 'ப்ளேயாமார்', வற்றம் 'பாஹாமார்', இரண்டும் பெண்பால். வானிலை அறிக்கையில் கடல் எப்படி இருக்கிறது என்று சொல்லும் பெயரடைகள் எல்லாம் பெண்பாலில்தான் வரும்: லேசாகச் சுருங்கியிருந்தால் 'ரிசாதா', பெரிய அலை என்றால் 'க்ருவேசா', அதற்கும் மேலே போனால் மரம் மரமாக நிற்கிறது என்கிற மாதிரி 'ஆர்போலாதா'. சூட்டு போட்ட வானிலை அதிகாரியும் அந்த இடத்தில் மீனவர் மாதிரிதான் பேசியாக வேண்டும். ஆனால் கடலுக்குப் பெயர் வைத்துவிட்டால் உடனே ஆண்பால், 'எல் மார் கந்தாப்ரிகோ', 'எல் மார் மெதித்தெர்ரானேயோ' என்று.

ஊர்ப்பேச்சில் இது கடலைவிட்டு வெளியேயும் வந்துவிட்டது. ஒரு விஷயம் பிரமாதமாகப் போனால் 'லா மார் தே பியென்' என்பார்கள், கடலளவு நன்றாக என்று வைத்துக்கொள்ளுங்கள். அட்லாண்டிக்கைத் தாண்டி அமெரிக்கா போய்வந்தவனைப் பற்றிப் பேசினால், 'சார்க்கோ'வைத் தாண்டினான் என்பார்கள். சார்க்கோ என்றால் மழை விட்டதும் தெருவில் தேங்கி நிற்குமே, அந்தக் குட்டை. இத்தனை பெரிய சமுத்திரத்துக்கு அதுதான் மரியாதை.


செவிப்புலன்:

கிறுக்கன் அண்ணா எழுதியதில் கடைசிப் பத்தியோடு மட்டும் எனக்குச் சண்டை.

நடு உயிர் விழாததால் ஏட்டுச்சொல் என்று முடிவு கட்டிவிட்டீர்கள். ஆனால் லத்தீனிலிருந்து ஸ்பானிஷ் ஆனபோது அழுத்தம் இல்லாத நடு உயிர்கள் எல்லாம் விழவில்லை. 'உ', 'இ' விழும், உங்கள் 'தாபுலா', 'தாப்லா' அந்த ரகம். 'அ' அசையாது. சனிக்கிழமைக்கு 'சாபதோ' என்கிறார்கள், அதில் நடு 'அ' அப்படியே இருக்கிறதே, அதை யாரும் ஏட்டுச்சொல் என்று சொல்வதில்லை. மண்ஜாடிக்குக் 'காந்தரோ'. இதைவிட நல்ல உதாரணம், அனாதைக்குச் சொல்லும் 'உவேர்ஃபனோ'. கிரேக்கத்தில் 'ஓர்ஃபனோஸ்', லத்தீனில் 'ஓர்ஃபனுஸ்', அங்கிருந்து 'உவேர்ஃபனோ'. பியேலகோ வந்த அதே ரோடு, அதே பஸ்.

இதில் முக்கியமான சாட்சி முதல் அசை. லத்தீன் 'பெ' ஸ்பானிஷில் 'பியே' ஆகியிருக்கிறது பாருங்கள். அழுத்தம் விழும் குறில் 'எ' ஸ்பானிஷ் வாயில் 'இயே' என்று பிளக்கும். கல்லுக்குப் 'பெத்ரா' என்றது 'பியேத்ரா' ஆனது, நிலத்துக்குத் 'தெர்ரா' என்றது 'தியேர்ரா' ஆனது, ஏழுக்குச் 'செப்தெம்' என்றது 'சியேதே' ஆனது. ஏட்டிலிருந்து பின்னாளில் எடுத்திருந்தால் அது 'பெலகோ' என்றே நின்றிருக்கும். பிளந்திருக்கிறது என்றால் வாயில் புழங்கியிருக்கிறது. வாயில் பிறந்து, பின்னாளில் வாயைவிட்டுப் போய், ஏட்டில் மட்டும் தங்கிவிட்ட சொல் இது. நீங்கள் திசையைத் திருப்பிப் போட்டுவிட்டீர்கள்.

பக்கத்து வீட்டுப் போர்ச்சுகலில் இதைவிடத் தேய்ந்து போயிருக்கிறது. அங்கே உயிர்களுக்கு நடுவே வரும் 'ல' நிற்காது, விழுந்துவிடும். அப்படி விழுந்து சுருங்கி 'பெகோ' என்று ஆகிவிட்டது. ஆற்றில் ஆழமான இடத்துக்கு அந்தப் பெயர். படித்தவர்களுக்கென்று 'பெலகோ'வைத் தனியாகவும் வைத்திருக்கிறார்கள்.

நிலாவுக்கு ஒரு உபரி: இந்தச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதினால் உச்சரிப்பு தானாகவே சரியாக வரும். ஸ்பானிஷில் இரண்டு உயிர்களுக்கு நடுவே வரும் 'க' நாக்கு முழுதாக ஒட்டாமல் உரசிப்போகும் ஒலி. நாம் 'இலகு', 'அகம்' என்று சொல்லும்போது வரும் அதே க. நம் ஆட்கள் பொதுவாக அங்கே போய்க் கஷ்டப்பட்டு வல்லொலியாக அடிப்பார்கள், தேவையே இல்லை.


வேர்ச்சொல் கிறுக்கன்:

உவேர்ஃபனோவைக் காட்டினதும் வாயை மூடிக்கொண்டேன். ஒத்துக்கொள்கிறேன், 'பியே' கண்முன்னாலேயே இருக்கிறது, அதை எப்படி விட்டேன் என்று தெரியவில்லை.

அப்படியென்றால் குளம் குட்டை என்ற பழைய பொருளும் இப்போது இடம் பார்த்து உட்காருகிறது. பேச்சில் இருந்த சொல்தானே ஊரில் இருக்கும் ஆற்றுக்கும் குளத்துக்கும் இறங்கிவர முடியும். வடகரை வாசி சொன்ன அந்த ஊர்ப்பெயருக்கு என்ன காரணம் சொல்கிறார்கள்? கடலோரமா?


வடகரை வாசி:

கடலும் இருக்கிறது, லியென்க்ரெஸ் மணல்மேடுகள் அந்த ஊராட்சியில்தான், பாஸ் ஆறு அங்கேதான் கடலில் கலக்கிறது. வெளியூர்க்காரர்கள் அதைப் பார்த்துவிட்டு ஆகா கடலின் பெயர் என்பார்கள். ஆனால் இங்கே சொல்லும் காரணம் ஆறு. பாஸ் ஆறு மலையிலிருந்து இறங்கி வரும்போது அங்கங்கே ஆழமாகத் தேங்கி நிற்கும் மடுக்கள் இருக்கின்றனவே, அவை பியேலகோக்கள். செவிப்புலன் சொன்ன போர்ச்சுகீசிய 'பெகோ'வும் இதுவும் ஒன்றேதான் என்று இப்போது புரிகிறது.

ஒருநாள் ஆற்றோரம் நடந்துபோனபோது பார்த்திருக்கிறேன். தண்ணீர் கூழாங்கல் மேலே சலசலவென்று ஓடிவந்து, ஒரு வளைவில் திடீரென்று சத்தத்தை நிறுத்திவிடும். அந்த இடத்தில் தண்ணீரின் நிறமே கரும்பச்சை. கல் போட்டால் அடி தெரியாது. பையன்கள் மேட்டிலிருந்து அங்கேதான் குதிப்பார்கள். கடலுக்கும் அதற்கும் அளவில் ஒரு சம்பந்தமும் இல்லை, ஆனால் கால் எட்டாது என்பது மட்டும் பொது.


சூரைமீன்:

மீன்வளப் படிப்பு படித்தவன் என்ற முறையில் நானும் தலையை நீட்டுகிறேன். 'பெலாஜிக்' என்று நாங்கள் நாள் முழுக்கச் சொல்வது இந்தச் சொல்தான், ஸ்பானிஷில் 'பெலாஹிகோ'. கடலடித் தரையிலும் ஒட்டாமல், கரையையும் சாராமல், இடைப்பட்ட தண்ணீரில் திரிவது என்று பொருள். மத்தி, நெத்திலி, அயிலை, சூரை எல்லாம் அந்தக் கணக்கு. திருக்கை வராது, அது தரையோடு தரையாகக் கிடப்பது. ஆக வடகரை வாசி வீட்டுத் தாத்தா நாற்பது வருடம் பிடித்தது முழுக்கப் பெலாஹிகோ மீன், அந்தச் சொல்லை ஒரு தடவையும் சொல்லாமலே.

எங்கள் துறையில் ஒரு வேடிக்கை நடந்திருக்கிறது. திறந்த கடலின் தண்ணீரை மேலிருந்து கீழாக அடுக்கடுக்காகப் பிரிப்போம். 200 மீட்டர் வரை ஒரு அடுக்கு, அதிலிருந்து 1,000 மீட்டர் வரை வெளிச்சம் மங்கும் அடுக்கு, அதற்குக் கீழே 4,000 மீட்டர் வரை ஒரே இருட்டு. மூன்று அடுக்கின் பெயரும் 'பெலாஜிக்' என்றே முடியும். பரப்பைச் சொல்ல வந்த சொல்லை ஆழத்தை அளக்கிற கோலாக ஆக்கிவிட்டோம். அகலமா ஆழமா என்று நிலா குழம்பினால் அது அவர் தப்பு இல்லை.


வேர்ச்சொல் கிறுக்கன்:

சூரைமீன் சொன்னதுதான் இந்தச் சொல்லின் மொத்தப் பிரயாணமும். கிரேக்கத்தில் அகலம். கரையிலிருந்து தூரம் என்றால் ஆழமும் கூடத்தானே வரும், அதனால் ஸ்பெயினுக்கு வந்தபோது ஆழமும் ஒட்டிக்கொண்டது. அப்புறம் அகலத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு ஆழத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ஆற்று மடுவுக்குள் இறங்கிவிட்டது. கவிஞர்கள் அதைத் திரும்ப நடுக்கடலுக்குக் கொண்டுபோய் விட்டார்கள்.

இன்னும் இரண்டு இடத்தில் இது மாறுவேடத்தில் இருக்கிறது, சொல்லாமல் போனால் தூக்கம் வராது.

ஒன்று, தீவுக்கூட்டம். ஸ்பானிஷில் 'ஆர்ச்சிபியேலகோ'. தினசரிச் சொல், கானரித் தீவுகளைப் பற்றிச் செய்தி வாசித்தால் நாலு தடவை வரும், பிலிப்பைன்ஸுக்கும் அதே. அதன் வாலைப் பாருங்கள், பியேலகோ! யாரும் பேசாத சொல் என்றார்களே, எல்லாரும் அரைவாசி பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். முதலில் இதில் தீவு என்ற பேச்சே இல்லை. கிரேக்கத்துக்கும் துருக்கிக்கும் நடுவே இருக்கும் ஏஜியன் கடலை இத்தாலிய வணிகர்கள் 13ஆம் நூற்றாண்டு வாக்கில் 'ஆர்ச்சிபேலகோ' என்று அழைக்க ஆரம்பித்தார்கள். 'தலைமைக் கடல்' என்று வைத்துக்கொண்டார்களா, 'எகேயோன் பெலகோஸ்' என்ற கிரேக்கப் பெயரைக் காதில் விழுந்தபடி திரித்துச் சொன்னார்களா என்பதில் இன்னும் வழக்கு நடக்கிறது. அந்தக் கடல் முழுக்கத் தீவு. பெயர் கடலிலிருந்து நழுவித் தீவுகளின் மேலே ஏறிவிட்டது. தண்ணீருக்கு வைத்த பெயர் தண்ணீர் இல்லாத இடங்களுக்குப் போய்விட்டது. கிரேக்கர்கள் மட்டும் இன்றும் வரைபடத்தில் அந்தக் கடலைப் 'பேலகோஸ்' என்றுதான் போடுகிறார்கள், அங்கே அது கவிதைச் சொல்லே இல்லை.

இரண்டாவது, 'பெலாயோ' என்ற பெயர். ஸ்பெயின் பள்ளிப்பிள்ளைகள் அத்தனை பேருக்கும் தெரிந்த பெயர். 722 வாக்கில் அஸ்தூரியாஸ் மலைகளில் கோவதோங்கா என்ற இடத்தில் முஸ்லிம் படையை எதிர்த்து நின்றவர், அங்கே ஒரு ராஜ்யத்துக்கு அடிபோட்டவர். பெயரின் மூலம் லத்தீன் 'பெலாகியுஸ்', அது கிரேக்கத்திலிருந்து வந்தது, கடற்காரன் என்று அர்த்தம். குகையிலும் மலை இடுக்கிலும் நின்று சண்டை போட்டவருக்குக் கடற்காரன் என்று பெயர். அதே பெலாகியுஸ் என்ற புனிதரின் பெயர் போர்ச்சுகல் பக்கம் போய் 'சம்பாயோ' என்று குடும்பப் பெயராகியிருக்கிறது. 1996 முதல் 2006 வரை போர்ச்சுகல் ஜனாதிபதியாக இருந்த ஜோர்ஜே சம்பாயோ பெயருக்குள்ளும் இந்தக் கடல்தான்.


வடகரை வாசி:

ஹிஹோன் ஊரில் துறைமுகத்துப் பக்கத்திலேயே பெலாயோவுக்குச் சிலை வைத்திருக்கிறார்கள், கையில் சிலுவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. அந்த இடத்தில் பெயர் பொருந்தத்தான் செய்கிறது.


நீலாங்கரை நிலா:

இவ்வளவு வரும் என்று நினைக்கவே இல்லை, எல்லாருக்கும் நன்றி. ஒரு சின்ன எரிச்சலும் கூட, ஏனென்றால் ஆசிரியை சொன்ன மாதிரி 'கடல்' என்று போட்டுவிட்டிருந்தால் செவ்வாய்க்கிழமையே வேலை முடிந்திருக்கும்.

எட்டாவது வரியை எடுத்துப் பார்த்தேன். அங்கே 'லா மார்' என்றுதான் இருக்கிறது! பெண்பால் என்பதை நான் அச்சுப்பிழை என்று நினைத்துக் கடந்துவிட்டேன். ஆக மூன்றாவது வரியில் தூரத்திலிருந்து பார்க்கும் பியேலகோ, எட்டாவது வரியில் மாலுமி உள்ளே போனதும் லா மார். இரண்டும் வேறுவேறு வாயிலிருந்து வருகின்றன. எட்டாவதுக்குக் 'கடல்' போதும், பெண்பாலைத் தமிழில் கொண்டுவர 'கடலம்மா' என்று போடலாமா என்று ஆசையாக இருக்கிறது, கொஞ்சம் அதிகமோ?

மூன்றாவதுக்கு 'ஆழி' நிற்குமா?


நிகண்டு தாத்தா:

அம்மா, கடலம்மா வேண்டாம். அது கரையில் நம் மீனவர்கள் கும்பிடும் தாய். ஸ்பானிஷில் வெறும் பெண்பால் உருபு, சாமி இல்லை. வெறும் கடல் போதும், மாலுமி அவளோடு பேசுகிற மாதிரி வரியை அமைத்துக்கொள்.

ஆழியில் இரண்டு சிக்கல். முதலாவது, அது ஆழ் என்பதிலிருந்து வருவது, ஆழத்தை மட்டும் பிடிக்கும். உன் கவிதையில் கரையிலிருந்து பார்க்கிறார்கள் என்கிறாய், கரையில் நிற்பவனுக்கு ஆழம் எங்கே தெரியப்போகிறது? பரப்புதான் தெரியும். இரண்டாவது, ஆழி என்றால் சக்கரம், மோதிரம் எல்லாம் ஆகும், பெருமாள் கையில் இருப்பதும் ஆழிதான்.

நிகண்டுகள் கடலுக்கு வரிசையாகப் பெயர் அடுக்கியிருக்கின்றன. முந்நீர், பௌவம், புணரி, வாரி, வேலை என்று போகும். அதில் 'பரவை' என்று ஒன்று உண்டு. பரவிக் கிடப்பது. மேலே அவர் சொன்ன கிரேக்கச் சொல்லுக்குத் தமிழில் இதைவிடப் பக்கத்தில் வருவது கஷ்டம். இன்னொரு பொருத்தமும் இருக்கிறது. அங்கே பெலாயோ என்று ஆளுக்குப் பெயர் என்றால், இங்கே திருவாரூரில் சுந்தரரின் மனைவி பரவையார். அங்கே ஆற்றோரத்தில் பியேலகோஸ் என்று ஊர் என்றால், நமக்கு மதுரைக்குப் பக்கத்திலேயே பரவை. அங்கிருந்து கடலைப் பார்க்க எத்தனை பஸ் மாற வேண்டும் என்று நீயே கணக்குப் போட்டுக்கொள்.


செவிப்புலன்:

தாத்தா, பொருள் பிரமாதம், ஆனால் இதை வகுப்பில் வாய்விட்டு வாசிக்க வேண்டுமே! இடையின ரவும் வல்லின றவும் நம் பேச்சில் ஒன்றாகி எவ்வளவோ காலம் ஆயிற்று. "பரவையில் கப்பல் தள்ளாடுகிறது" என்று நிலா படித்தால், கேட்பவர்கள் அத்தனை பேர் மனதிலும் ஒரு பறவை மேலே கப்பல் உட்கார்ந்திருக்கும்.


நீலாங்கரை நிலா:

படித்துப் பார்த்தேன். என் தம்பி பக்கத்திலிருந்து "எந்தப் பறவை?" என்று கேட்டுவிட்டான். போச்சு.


நிகண்டு தாத்தா:

அது நியாயம்தான், நான் கண்ணால் மட்டும் பார்த்துவிட்டேன். அப்படியானால் வள்ளுவர் கடையில் கடன் வாங்கு. 13ஆவது குறளில் 'விரிநீர்' என்று வைத்திருக்கிறார், விரிந்த நீர், கடல். காதுக்குக் குழப்பம் இல்லை, அகலம் இருக்கிறது. ஹோமரின் உப்பு மட்டும் இல்லை.


நீலாங்கரை நிலா:

விரிநீர்! பென்சிலை அழித்துவிட்டுப் பேனாவால் எழுதிவிட்டேன். உப்பு நான்காவது வரியில் மாலுமியின் உதட்டில் ஏற்கெனவே இருக்கிறது, அதனால் கணக்கு சரியாகிவிட்டது. பதினோராவது வரியில் 'போன்தோ' என்று ஒன்று நிற்கிறது, அது கிறுக்கன் அண்ணா சொன்ன பாதைக் கடல்தான் என்று நினைக்கிறேன், அதை நாளைக்குக் கேட்கிறேன்.